சோத்துக்கை வேல்

அக்காவை மெடிக்கலில் கழித்துவிட்டார்கள் என்று அப்பா போனை வைத்துவிட்டுச் சொன்னபோது அடுப்பில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"என்னத்துக்குக் கழிச்சானாம்?" என்று அம்மா கேட்டாள்.

"ஒடம்புல ரத்தம் பத்தலையாம்," என்றார் அப்பா.

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அக்கா இசக்கிச்செல்விக்கு ரத்தம் பத்தவில்லையா? விடிவதற்கு முன்னால் எழுந்து வாய்க்கால் பாதையில் ஓடுகிறவள் அவள். சூரியகாந்தி பூத்திருக்கிற மாதங்களில் போட்டோ எடுக்க வருகிற ஜோடிகள் பாதையை மறித்து நிற்பார்கள். "வெலகுங்க, வெலகுங்க" என்று கத்திக்கொண்டே அவர்களுக்கு நடுவில் புகுந்து ஓடுவாள். அவளுக்கு ரத்தம் குறைவு என்றால் எனக்கெல்லாம் உடம்பில் வெறும் தண்ணீர்தான் ஓடுகிறது என்று அர்த்தம்.

எங்கள் ஊர் சுந்தரபாண்டியபுரம். போலீஸ் காக்கியோ பட்டாளத்துப் பச்சையோ காயாத கொடி எங்கள் தெருவில் குறைவு. அப்பா பாண்டிராஜ் சிவகிரியில் ஏட்டாக இருக்கிறார். பையன் இல்லாத வீடு என்று சொந்தக்காரர்கள் இழுத்து இழுத்துப் பேசியதைக் கேட்டே வளர்ந்தவள் அக்கா. அதனால் மத்தியப் போலீஸ் படையில் சேர்ந்தே தீருவது என்று பிடிவாதம். எழுத்துத் தேர்வில் தேறினாள், ஓட்டத்தில் தேறினாள். மிச்சம் இருந்தது மெடிக்கல் மட்டும். வயது வரம்புப்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அதிலே போய்க் கழித்துவிட்டார்கள்.

அக்கா ஊர் திரும்பியபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா சரியாகச் சாப்பாடு போடாமல் வளர்த்துவிட்டாய் என்று அம்மாவைத் திட்டினார். அம்மா மறுநாளிலிருந்து வைத்தியத்தில் இறங்கிவிட்டாள். முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுச் சுவரொட்டி. மண்ணீரலைத்தான் எங்கள் பக்கம் சுவரொட்டி என்போம், ரத்தம் ஊற அதைவிட நல்லது இல்லை என்பாள். இனிமேல் ரத்தம் ஊறி யாருக்கு என்ன லாபம் என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். கேட்டால் கரண்டி பறக்கும். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் தின்றாள். தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்நேரமும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டாள். கடை யூனிபார்ம் அப்படி என்று நினைத்தேன்.

அந்தக் கையில் ஒரு வேல் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஓட்டப்பந்தயத் தேர்வுக்கு முந்தின நாள் அக்காவுக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. அம்மா என்ன செய்வாள்? பண்பொழிக்குப் போய்த் திருமலைக் குமாரசாமி கோயில் மலையேறி நின்று, பிள்ளை ஓடி ஜெயித்துவிட்டால் நேர்த்திக்கடன் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். வழக்கமாக மொட்டை என்று வேண்டுவார்கள். படைக்குத் தேர்வாகப் போகிற குமரிப் பெண்ணுக்கு மொட்டை போட்டால் பார்க்கச் சகிக்குமா? காவடி தூக்கினால் தோள் வீங்கிக்கொள்ளும். அம்மா நின்று யோசித்து, ஊரில் யாருமே வேண்டாத ஒன்றை வேண்டினாள். பிள்ளை கையில் முருகனுடைய வேலைப் பச்சை குத்திவிடுகிறேன் என்று சாமியிடம் சொல்லிவிட்டாள். அக்கா மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடி, முதல் ஐந்து பேருக்குள் வந்தாள். கடனைத் தீர்க்க வேண்டியதாகிவிட்டது.

சாரல் நேரம். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற கடைத்தெரு முழுக்கத் தலைகள். ரம்புட்டான் கூறுகளுக்குப் பக்கத்தில் ஒருவன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒரே ஊசியால் குத்திக்கொண்டிருந்தான். அம்மா அங்கேயே உட்காரப் போனாள். அக்காதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவன் ஊசிய மாத்தவே இல்லம்மா. முன்னால குத்துனவனுக்கு என்ன சீக்குன்னு யாருக்குத் தெரியும்? மஞ்சக்காமாலையும் வரும், அதவிடப் பெரிசும் வரும்."

அவள் அப்படித்தான். எதையும் விசாரித்துத்தான் செய்வாள். விசாரித்தே தேடிப் பிடித்த கடை, நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கீழே எண்ணெய் வாசம், மேலே டெட்டால் வாசம். பச்சை குத்துகிறவர் பெயர் சிவசைலம். கையுறை போட்டுக்கொண்டு டாக்டர் மாதிரி கேள்வி கேட்டார். சாப்பிட்டாச்சா, மாத்திரை ஏதும் எடுக்கியா, அடிபட்ட தழும்பு தடிச்சு எழும்புமா, மருந்து எதுவும் ஒவ்வாதா. ஊசிப் பொட்டலத்தை எங்கள் கண்முன்னால் காட்டிவிட்டுப் பிரித்தார்.

"குத்துன பொறவு ரெண்டு வாரத்துக்கு அருவியில குளிக்கப்பிடாது. எண்ணெ தேய்க்கப்பிடாது. பொருக்கு கட்டும், அத நகத்தால பிய்க்கப்பிடாது," என்றார்.

"குத்தாலத்துக்கு வந்துட்டு அருவியில குளிக்காமப் போனா ஊருல காறித் துப்பமாட்டாவளா?" என்று அம்மா சண்டைக்குப் போனாள்.

கடைசியாக அவர் எந்தக் கையில் என்று கேட்டார். அக்கா இடது கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி போட்டாள்.

"ஏட்டி, பீச்சாங்கையிலயா முருகன் வேலக் குத்துவ? கால் கழுவுத கையிலயா சாமிய வைக்கது? கூறு கெட்டவளே, சோத்துக்கைய நீட்டு!"

"நான் எழுதுத கைம்மா, வலிக்கும்."

"வலிச்சா வலிக்கட்டும். நேர்த்திக்கடன்னா வலிக்காமலா?"

சிவசைலம் சிரித்தார். "சாமின்னா நெறையப் பேரு வலதுலதான் கேப்பாவ," என்று நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டார். வலது முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நீளத்தில் வேல் ஏறியது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. எனக்கு வயிறு எரிந்தது. அப்பா பார்த்துவிட்டுத் தன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். அவர் வலது கையில் அவருடைய அம்மா பெயர் பச்சையாக இருக்கிறது. "இத வச்சிக்கிட்டுதான நானும் போலீஸ்ல டூட்டி பாக்குதேன்," என்றார். அதற்குமேல் வீட்டில் யார் சந்தேகப்படுவார்கள்?

சரி, என் கதைக்கு வருகிறேன். என் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். பள்ளிக்கூடத்தில் முழுதாகக் கூப்பிடச் சோம்பல்பட்டுக் குழலி ஆக்கிவிட்டார்கள். அக்காவைக் கழித்தபிறகு வீட்டில் எல்லாருடைய கண்ணும் என்மேல் விழுந்தது. அவள் ஓடிய பாதையில் என்னை ஓடவிட்டார்கள். காலையில் என்னை எழுப்பி விடுவதே அக்காதான். விசில் ஊதுவாள், நேரம் பார்ப்பாள், தள்ளாடினால் திட்டுவாள். மறு வருடம் நானும் எழுதினேன், நானும் ஓடினேன், இரண்டிலும் தேறினேன். மெடிக்கலுக்குக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அக்கா கடைக்குப் போனபிறகு அம்மா என்னைக் கிளம்பச் சொன்னாள்.

"குத்தாலத்துக்குக் குளிக்கப் போவோம். ஒனக்கும் நான் வேண்டியிருக்கேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. துள்ளிக் குதித்தேன். அந்த வேல்மேல் எனக்கு ஒரு வருட ஆசை.

"அக்காட்ட சொல்லிராத," என்றாள் அம்மா. "தனக்குக் கிடைக்காமப் போச்சேன்னு உள்ளுக்குள்ள வேவுதா. இவளுக்கு மட்டும் கடன் தீக்காளேன்னு நெனச்சா மனசு நொந்துரும்."

போன தடவை பட்டதில் அம்மா புத்திசாலியாகிவிட்டாள். முதலில் அருவியில் ஆசைதீரக் குளித்தோம், பிறகுதான் மாடி ஏறினோம். சிவசைலம் எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

"மூத்த பிள்ளைக்கு வேல கெடச்சுட்டாக்கா?"

"எங்க தம்பி. ரத்தம் பத்தலன்னு திருப்பிட்டான். இவளுக்குச் சுவரொட்டியா அவிச்சிப் போட்டு வளத்திருக்கேன், பாப்போம்."

அவர் உச்சுக்கொட்டினார். அதே கேள்விகளை என்னிடமும் கேட்டார். சாப்பிட்டாச்சா, மாத்திரை எடுக்கியா, தழும்பு தடிக்குமா. தோலைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் மனுஷன் ஒன்று விடவில்லை. எந்தக் கை என்று கேட்கவே இல்லை, நாற்காலியே வலது பக்கம்தான் கிடந்தது. முன்கையைச் சவரம் செய்து, துடைத்து, காகிதத்தில் வரைந்திருந்த வேலை அழுத்தி எடுத்தார். ஊதா நிறத்தில் அச்சு விழுந்தது.

"இது நல்லாக் காயணும். காயாமக் குத்துனா கோடு கலங்கிரும். அசையாம இரி, ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்," என்று கீழே இறங்கினார்.

நான் சும்மா இருப்பேனா? இடது கையால் போட்டோ எடுத்து, "அக்காவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று எழுதி வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டேன். போட்டபிறகுதான் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அக்கா கடை நேரத்தில் போன் பார்க்கமாட்டாள், வீட்டுக்குப் போனதும் எடுத்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். அம்மா போனைப் பிடுங்கித் தன் கூடையில் ஈரத் துணிகளுக்குக் கீழே போட்டாள்.

சிவசைலம் டீ குடித்துவிட்டு, யாரோ தெரிந்தவரோடு அரட்டை அடித்துவிட்டு, நிதானமாக மேலே வந்தார். கைகழுவிக் கையுறை மாட்டினார். குட்டி மூடிகளில் மை ஊற்றினார். புது ஊசியைக் காட்டினார், அம்மா பெரிய அதிகாரி மாதிரி தலையாட்டினாள். மெஷின் வண்டுபோல முரல ஆரம்பித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறப்பதற்குள் கதவு சுவரில் போய் மோதியது.

"குத்தாதீய! குத்தாதீய!"

அக்கா. கடை யூனிபார்ம் சேலை சாரலில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. ரவிக்கையின் முழுக்கை முழங்கைவரை சுருண்டு ஏறியிருந்தது. ஊசி என் தோலுக்கு ஒரு நூல் உயரத்தில் இருந்தது. அவள் வந்த வேகத்தில் தன் வலது கையை என் கையின்மேல் குறுக்கே மல்லாக்கப் போட்டாள். ஊசி அவள் கையில் இறங்கி, வேலின் தண்டிலிருந்து கோணலாக ஒரு கோடு இழுத்தது. ரத்தம் முத்துமுத்தாக எழும்பியது.

சிவசைலம் மெஷினை அணைத்துவிட்டுக் கத்தினார். "ஏ பிள்ள, ஒனக்குப் பைத்தியமா? ஆழமா ஏறியிருந்தா என்ன ஆவுறது?" பஞ்சை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு அந்த ஊசியைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குத்தியாச்சா? குத்தியாச்சாட்டி? சொல்லு!"

"இல்ல, இனிமத்தான்..."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைத்தது. எத்தனையோ காலை அவள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இரைத்து ஒருநாளும் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. நேர்த்திக்கடன் நடக்கிற இடத்தில் ரத்தம் சிந்திவிட்டது, தடங்கல் வந்துவிட்டது. அவள் வாயில் அப்போது வந்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"ஏட்டி, ஒனக்குக் கெடைக்கலன்னா இவளுக்கும் கெடைக்கக்கூடாதோ? அந்தப் பொறாமையிலதான் ஓடிவந்தியோ?"

இருட்டோடு எழுந்து எனக்காக விசில் ஊதியவளிடம் கேட்கிற கேள்வியா இது? அம்மாவா கேட்டாள் என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன். கேட்டவளுக்கே உதடு துடித்தது. ஆனால் சொன்னது சொன்னதுதானே.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எனக்கு ரத்தமெல்லாம் சரியாத்தாம்மா இருந்துச்சு," என்றாள்.

"என்னட்டி சொல்லுத?"

"ரத்தம், கண்ணு, காது, காலு எல்லாம் சரி. அங்கன ஒரு மலையாளத்து டாக்டரம்மா இருந்தாவ. எல்லாம் எழுதி முடிச்சிட்டு ரெண்டு கையையும் தூக்கச் சொன்னாவ. வேலப் பாத்தாவ. சாமி அடையாளம், கொழப்பமில்லன்னாவ. சின்னதுதான், அதுவும் கொழப்பமில்லன்னாவ. பொறவு பேனாவக் கீழ வச்சிட்டாவ. 'வலது கை. சல்யூட் அடிக்கிற கை. இதுல பாடில்ல மோளே'ன்னாவ. கூடாதாம்."

அம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"இடது கையா இருந்திருந்தா என்னன்னு கேட்டேன். இடது கையின்னா பாஸ்னு சொன்னாவ."

இந்த ஒரு வருடமாக அவள் தின்ற சுவரொட்டி, கீரை, பீட்ரூட், எல்லாம் என் கண்முன்னால் வந்தது. ஒன்றும் இல்லாத சீக்குக்கு ஒரு வருடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் எங்கள் அம்மா. தட்டை வழித்துத் தின்றுவிட்டுப் போயிருக்கிறாள் எங்கள் அக்கா. இந்தக் கைக்குப் பதில் அந்தக் கை, அவ்வளவுதான். அதற்கு ஒரு ஆயுசு வேலையா போகும்? சாமியைக் கால் கழுவுகிற கையில் வைக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் எந்த அம்மாவும்தான் சொல்வாள். அப்படிச் சொன்னதற்கா இந்தத் தண்டனை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்பா கையிலயும் வலதுலதான..." என்று நான் இழுத்தேன்.

"அப்பா சேந்தது எந்தக் காலம்? அது நம்மூருப் போலீசு. இது வேற. ஆள் எடுக்கிற அறிவிப்புலேயே போட்டிருக்கு குழலி. நாம எத்தன வேகன்ஸி, எத்தன வயசுன்னு பாத்துட்டு மூடிட்டோம். நானும் ஊசி புதுசா, மை நல்லதான்னு நூறு கேள்வி கேட்டேன். எந்தக் கையின்னு எனக்குக் கேக்கத் தோணல."

சிவசைலம் சுவரோடு ஒட்டி நின்றார். "எனக்கும் தெரியாதும்மா," என்றார். "பட்டாளத்துக்குப் போற பயலுவ எத்தன பேரு வந்து குத்திட்டுப் போயிருக்கானுவ. சத்தியமா எனக்குத் தெரியாது."

"லேசர் வச்சு எடுக்கலாம்லா?" என்று நான் கேட்டேன்.

"மறுநாளே தோல் டாக்டர்ட்ட போனேன். மாசக்கணக்குல, தவண தவணயா எடுக்கணுமாம். அப்பவும் தடம் தெரியலாமாம். எனக்கு அதுக்குள்ள வயசு தாண்டிரும்."

"அப்ப ஏன்ட்டி எங்கிட்டகூடச் சொல்லல?" என்று நான் கத்தினேன். கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அப்படி வந்தது. "ஒரு வருசமா நானும் ஓடிக்கிட்டுத்தான இருக்கேன்? ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"நீ அம்மாட்ட ஒளறிருவ. இவ தெரிஞ்சா தாங்குவாளா? சாமி பேர்ல, தன் கையால பிடிச்சுக் குத்த வச்சவ. நீ குத்த வருவன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? யாராவது எனக்குச் சொன்னியளா? கடையில ஒரு அக்கா ஒன் ஸ்டேட்டஸக் காட்டுனாவ. ஒனக்கு அடிச்சேன், அம்மாவுக்கு அடிச்சேன், ஒருத்தரும் எடுக்கல. அவ்வொ ஸ்கூட்டிய வாங்கிட்டு வந்தேன். மேலகரத்துல வண்டி நகரல. வழியெல்லாம் செத்துச் செத்துப் பிழைச்சேன்டி."

அம்மா மனசு நோகக் கூடாது என்று இவள் மறைத்திருக்கிறாள். இவள் மனசு நோகக் கூடாது என்று அம்மா மறைத்திருக்கிறாள். இந்த இரண்டு நல்ல மனசுக்கும் நடுவில் என் கை மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சிவசைலம் அந்த ஆளோடு அரட்டை அடிக்காமல் வந்திருந்தால், மேலகரத்தில் இன்னும் ஒரு பஸ் குறுக்கே நின்றிருந்தால், நானும் அவ்வளவுதான்.

அம்மா அழவில்லை. கடை நடுவில் நின்று அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் வந்து, என் கையில் இருந்த ஊதா அச்சை விரலால் தொட்டாள்.

"இது போவுமா தம்பி?" என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"இது வெறும் அச்சுதான்க்கா. ஸ்பிரிட் வச்சுத் தொடச்சா போயிரும்." அவர் பஞ்சை நனைத்து என் பக்கம் குனிந்தார்.

அம்மா அந்தப் பஞ்சை அவர் கையிலிருந்து வாங்கினாள். கோயில் படம் போட்ட காலண்டர் தாளைக்கூடக் கிழித்துப் போடாமல் மடித்து வைக்கிறவள் அவள். "முருகா, பொறுத்துக்கோப்பா. ஒங்கடன் ஒங்கடனாவே இருக்கட்டும். எம்பிள்ளைய விட்டுரு," என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்தாள். ஊதா கலங்கி, வேலின் முனை போனது, தண்டு போனது. இன்னொரு பஞ்சு. இன்னொரு பஞ்சு. கடைசியில் என் கை வெறும் கையாக, சிவந்து, சுத்தமாக இருந்தது. நான் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அம்மா புதிதாக ஒரு பஞ்சை எடுத்தாள். தரையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்தாள். ஊசி கீறிய இடத்தில் ரத்தத்தை ஒற்றி எடுத்தாள். ரத்தம் நின்றது. பிறகு வேலின் முனையில் பஞ்சை வைத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"யம்மா, எரியுது," என்றாள் அக்கா.

அம்மா துடைத்தாள். என் கையில் துடைத்த அதே மாதிரி, முனையிலிருந்து தண்டுக்கு, மெதுவாக, விடாமல் துடைத்தாள். தோல் சிவந்தது. வேல் இருந்தபடியே இருந்தது.

"யக்கா," என்றார் சிவசைலம். "அது போவாதுக்கா."

அம்மா தலையை ஆட்டினாள். எழுந்து போய் இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட்டைப் பஞ்சில் ஊற்றிக்கொண்டு வந்து, மறுபடி அக்காவின் கையைப் பிடித்தாள்.